கரிக் கங்கா, கரண்டா? சாம்பிராணி கருகாமல் புகைய

சாம்பிராணி மரத்தில் வடிந்து இறுகிய பிசின். சூட்டில் உருகி ஆவியானால் மணக்கும். எரிந்துவிட்டால் கரும்புகையும் கண்ணெரிச்சலும்தான் மிஞ்சும். மண் தூபக்காலானாலும் கரண்டில் வேலை செய்யும் தூபத்தட்டானாலும் பார்க்க வேண்டியது சூடு ஒன்றைத்தான்.

முதலில் சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் தூளாக வாங்காமல் கட்டியாகக் கேளுங்கள். உடைத்தால் பழுப்புக்குள் பாதாம் பருப்பு மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரிய வேண்டும். புகைக்கும்போது டர்பன்டைன் வாடையோடு ஒட்டடை போலக் கரி பறந்தால் மலிவுப் பிசின் கலந்திருக்கிறது.

தூபக்காலுக்கு அடியில் ஒரு விரற்கடை மணலோ சாம்பலோ பரப்புங்கள். அது இல்லாவிட்டால் மண்சட்டி விரிசல் விடும், தரையும் சுடும். பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் தோட்ட வீடுகளில் கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று சில்லுகளை வாசலிலேயே கொளுத்தி, தீ முழுக்க அடங்கிய பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். நின்று எரிவதில் புளியங்கரி இன்னும் மேல்.

அவசரப்படுவது இந்த இடத்தில்தான். செக்கச்செவேலென்ற கங்கின் சூடு 600 டிகிரி செல்சியசைத் தாண்டும். சாம்பிராணிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே அதிகம். அதன்மேல் தூளைக் கொட்டினால் 'சர்'ரென்று பொரிந்து, நுரைத்து, அரை நிமிடத்தில் கருகிவிடும். கங்கின்மேல் வெள்ளையாக நீறு பூக்கட்டும். ஊதித் தள்ளாதீர்கள். சூட்டை மட்டுப்படுத்தும் போர்வையே அந்த நீறுதான். அதன்மேல் கட்டியைப் பொடித்து இரண்டு சிட்டிகை தூவினால் ஓரம் மெதுவாக உருகி, வெண்புகை நூலாக எழும். புகை மெலிந்த பிறகே அடுத்த சிட்டிகை.

கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு வாடை கிடையாது. மார்கழிக் குளிரில் ஓசூர் வீடுகளில் சன்னலை அடைத்துக்கொண்டு தூபம் போடுவது ஆபத்து. குளிப்பாட்டிய கைக்குழந்தையைப் புகையில் காட்டவே வேண்டாம், எந்த முறையானாலும்.

அடுக்குமாடி வீட்டுக்கு மின் தட்டே சரி. கரி வாடை இல்லை, பொறி பறக்காது. 40 வாட் தட்டு அரை மணி நேரம் ஓடினால் 0.02 யூனிட்தான். ஐந்து நிமிடம் சூடேற விட்டு, தட்டின்மேல் அலுமினியத் தாளைக் கிண்ணமாக மடித்து வைத்து, கடலைப்பருப்பு அளவில் இரண்டு துண்டு போடுங்கள். புகை குறைவாகத்தான் வரும், மணம் குறையாது. தூளாகப் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். உருகிக் கிடந்தும் புகையாவிட்டால், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், இல்லையென்றால் தாள் தட்டில் படியாமல் தூக்கி நிற்கலாம். கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி இரண்டும் பற்றவைத்து எரிப்பதற்கானவை, இதில் வைக்காதீர்கள்.

முற்றமும் காற்றோட்டமும் உள்ள வீடானால் தூபக்காலையே சொல்வோம். வீடு முழுக்க எடுத்துக்கொண்டு சுற்றிவர மின் தட்டில் முடியாது.

தட்டில் பிசின் ஒட்டினால் கத்தியால் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, இளஞ்சூட்டில் பழந்துணியால் துடையுங்கள். மிச்சம் தண்ணீரில் கரையாது. தட்டு முழுக்க ஆறிய பிறகு, மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கரையும். ஸ்பிரிட் தீப்பற்றும், அது உலர்ந்து வாடை போன பிறகே மறுபடி சுவிட்ச் போடுங்கள். தூபக்கால் கங்கைக் குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். நீறுக்கடியில் மறுநாள் காலைவரைகூட நெருப்பு இருக்கும். தண்ணீர் தெளித்து அணைத்து, செடிக்கடியில் போடுங்கள்.