நந்தியாவட்டைப் புழுவுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் பூப்பறிக்கப் போகிறீர்கள். நந்தியாவட்டைச் செடியின் அடியில், சிமெண்டுத் தரையில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றனவா? அப்படியே நிமிர்ந்து பாருங்கள். இலையெல்லாம் போய் மொட்டையான ஒரு கிளை இருக்கும், அதில் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு தொங்கிக்கொண்டிருக்கும். கீழே கிடப்பவை அதன் எச்சம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் ஐப்பசி மழை பிடித்தால் இது வழக்கம். அம்மா பூச்சிமருந்தைத் தேடுவார், நான் டப்பாவைத் தேடுவேன்.

அந்துப்பூச்சிகளைப் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் வாசல் விளக்கடியில் கேமராவோடு நிற்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 வகை அந்துப்பூச்சிகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒன்றைப் படத்தோடு படம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் சலித்துவிடும். அந்துப்பூச்சியாக மாறப்போகும் புழுவிலிருந்து தொடங்குங்கள். அது தின்னும் செடியே பாதி விடை.

படி 1: செடியின் பெயரை முதலில் எழுதுங்கள்

பல புழுக்கள் வாய்க்கு வந்த இலையைத் தின்பதில்லை. சேம்பு இலையில் இருக்கும் கொம்புப் புழு ஒரு வகை, விருத்தாசலம் பக்கம் எள் வயலில் இருப்பது இன்னொரு வகை. நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், நம் புழு மூன்றையும் தின்னும். அரளி நமக்குத்தான் விஷம், அதற்கு இல்லை. இலை பறித்த கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள்.

படி 2: கொம்பும் கண்ணும்

வால் பக்கம் ஒற்றைக் கொம்பு நிற்கிறதா? அநேகமாக அது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம், அறிவியல் பெயர் ஸ்பிங்கிடே. உலகம் முழுக்க இக்குடும்பத்தில் சுமார் 1,450 இனங்கள். கொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கொட்டாது.

அப்புறம் தலைக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். இரண்டு பக்கமும் நீலமும் வெள்ளையுமாக, கறுப்பு வளையம் போட்ட கண் மாதிரி ஒரு புள்ளி. லேசாகத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு இந்தப் பொய்க்கண்களை உப்பிக் காட்டும். குருவியை மிரட்டத்தான். உடலின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடும் ஓடும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். சின்னப் புழுவுக்குக் கொம்பு நீளமாகக் கறுப்பாக இருக்கும், வளர்ந்ததும் குட்டையாகி மஞ்சள் கலந்த ஆரஞ்சாகும். முதல் வருடம் என் நோட்டில் இரண்டையும் இரண்டு இனமாக எழுதி வைத்திருந்தேன்!

படி 3: வளர்த்துப் பாருங்கள்

அகலமான டப்பா, மேலே துணி, அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சருகு, தினமும் புது இலை. இவ்வளவு போதும். ஒருநாள் புழு தின்பதை நிறுத்தி, பழுப்பாகி, டப்பாவுக்குள் அலையும். சாகப்போகிறது என்று வெளியே எறிந்துவிடாதீர்கள், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். அதற்கு முன்பே டப்பாவுக்குள் ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை விரியாமல் சுருங்கிவிடும். என் முதல் பூச்சிக்கு அதுதான் நடந்தது.

படி 4: படம்

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின் இறக்கை தெரிகிற மாதிரி ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள்.

படி 5: இரண்டில் எது?

பச்சையும் வெளிர் சிவப்புமாக, ராணுவ உடை போலக் கோலமிட்ட இறக்கையோடு ஜெட் விமானம் மாதிரி உட்கார்ந்திருந்தால் அது டாஃப்னிஸ் பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) இருக்கலாம். அதற்குள் நாம் குழம்பக்கூடியவை இரண்டு: டாஃப்னிஸ் நெரியை, டாஃப்னிஸ் ஹைபோதஸ். ஹைபோதஸின் முன் இறக்கை நுனியில் சின்ன வெள்ளைப் புள்ளி உண்டு, ஆளும் கொஞ்சம் கறுப்பு. நெரியைக்கு அந்தப் புள்ளி இல்லை. அதன் இறக்கை அடியில் வெளிர் வட்டத்துக்குள் கரும்பச்சைப் பொட்டு இருக்கும்.

செடியும் சாட்சி சொல்லும். ஹைபோதஸ் புழு பெரும்பாலும் காபியும் இட்லிப்பூவும் சேர்ந்த குடும்பத்துச் செடிகளைத் தின்னும். ஒருமுறை ஒரு செயலி என் படத்தைப் பார்த்து ஹைபோதஸ் என்று அடித்துச் சொன்னது. படத்தில் இறக்கை நுனி மங்கல். நந்தியாவட்டையில் வளர்ந்த பூச்சி என்பது செயலிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

புள்ளி தெரியவில்லை, செடியும் தெரியவில்லை என்றால் "டாஃப்னிஸ்" என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: பெயரை எழுதும் முறை

டாஃப்னிஸ் நெரியை (லின்னேயஸ், 1758). அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள், அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த பெயர் ஸ்பிங்க்ஸ் நெரியை. பின்னால் பேரினம் மாறியதால்தான் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போனது. மாறாமல் இருந்திருந்தால் குறி வராது. நெரியை என்றால் அரளியுடையது. அரளியின் பேரினப் பெயர் நெரியம் அல்லவா?

தேதி, இடம், செடி மூன்றையும் சேர்த்து உயிரினங்களைப் பார்த்தவர்கள் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதிலாக ஈக்கள் வரும், புழுவுக்குள்ளேயே வளர்ந்த ஒட்டுண்ணிகள் அவை. அப்போது டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு முன்னால் அந்த ஈக்களையும் படம் எடுத்துவிடுங்கள்.