ஞாயிறு பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நுழைந்த தெரியாத எண்கள்

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரென்றே தெரியாத எண்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. குழுவில் அவர்கள் எதுவும் எழுதவில்லை. உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, பிள்ளைகளுக்குத் தனியாக "ஹாய், எந்த கிளாஸ்?" என்று அனுப்பினார்கள். வயிற்றைக் கலக்கியது.

நீக்கினோம், ரிப்போர்ட் செய்தோம். புது எண்கள் வந்தன. அட்மின் மட்டுமே ஆள் சேர்க்கலாம் என்று மாற்றியும் நிற்கவில்லை. அப்புறம்தான் ஒருவர் சேரும்போது குழுவில் தோன்றும், யாரும் படிக்காத அந்தச் சாம்பல் நிறச் சிறு வரியைக் கவனித்தேன்: எல்லோரும் அழைப்பு லிங்க் வழியாகவே வந்திருந்தார்கள். நாங்கள் லிங்க்கை வெளியே பகிரவில்லையே? கோடை வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) போஸ்டரின் மூலையில் இருந்த கியூஆர் கோடு அதே லிங்க்தான்! போஸ்டரோ சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது.

லிங்க்கை ரீசெட் செய்ததும் பழைய கியூஆர் கோடு செத்துவிட்டது. புதிதாகச் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் ஆன் செய்தேன். அதோடு நிறுத்தவில்லை: பிள்ளைகளின் எண்களை எடுத்துவிட்டு பெற்றோரின் எண்களைச் சேர்த்தோம். அதன்பின் ஒரு அந்நிய எண்ணும் வரவில்லை. செய்தி வந்த வீடுகளுக்கு 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் கொடுத்திருக்கிறோம்.