பாப்பியமெந்துவில் எழுதப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஒரு பையன் எங்கள் அச்சுக்கடைக்கு வந்தான். மருத்துவம் படிக்க இந்தக் கரீபியன் தீவான குராசோவுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அறையைப் பகிர ஆள் தேவை என்று இங்கத்திய மொழியான பாப்பியமெந்துவில் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொண்டுவந்திருந்தான். முதல் வரியைப் படித்ததுமே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

கண்டவர்களை எல்லாம் ‘துஷி’ (செல்லம்) என்று கொஞ்சாதீர்கள் என்பது போன்ற அறிவுரை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

உடைந்த ஸ்பானிஷ் என்று நினைப்பது

ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் இதில் முதலில் விழுவார்கள். காதில் பாதி புரிகிறதே என்ற தைரியம். ஸ்பெயின்காரர்கள் குராசோ, அரூபா, பொனெய்ர் என்ற இந்தத் தீவுகளை 1513-லேயே ‘பயனற்றவை’ என்று ஒதுக்கி, இங்கே வாழ்ந்த காக்கெத்தியோ மக்களை இஸ்பானியோலாவுக்குக் கப்பலேற்றியவர்கள். 1634-ல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி தீவைப் பிடித்தது. அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாக இங்கே இறக்கி விற்றார்கள். போர்த்துக்கீசம் பேசிய யூதர்களும் அந்த நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தார்கள். இத்தனை பேருக்கும் நடுவில் வளர்ந்த மொழி இது. புத்தகத்துக்கு ‘புக்கி’, நன்றிக்கு ‘டங்கி’ என்று டச்சும் உள்ளே கிடக்கிறது.

இலக்கணம் தனி. ‘மி தா பாப்பியா’ என்றால் நான் பேசுகிறேன். ‘நன் தா பாப்பியா’ என்றால் அவர்கள் பேசுகிறார்கள். வினைச்சொல் அசையவே அசையாது. அந்த ‘நன்’ எழுத்தில் பார்க்க நம் ‘நான்’ போலவே இருப்பதால், நம் ஆட்கள் முதல் மாதம் முழுக்கத் தங்களை அவர்கள் ஆக்கிக்கொள்வார்கள்.

எந்தத் தீவின் எழுத்து என்று கேட்காமல் அச்சுக்குக் கொடுப்பது

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓத்ரோபண்டா பக்கம் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு மூவாயிரம் துண்டறிக்கை. வாசகத்தை நானே எழுதினேன். கவனமாக இருக்க வேண்டும் என்று பக்கத்துத் தீவான அரூபாவில் பிறந்த நண்பர் ஒருவரிடம் திருத்தக் கொடுத்தேன். அவர் பிழையே இல்லாமல் திருத்தித் தந்தார். அதுதான் வினை.

பேச்சில் இரண்டு தீவும் ஒன்றை ஒன்று சிரமமில்லாமல் புரிந்துகொள்ளும். எழுத்தில்தான் வழி பிரிகிறது. அரூபாக்காரர்கள் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்து, ஸ்பானிஷ் சாயலில் எழுதுவார்கள். குராசோவும் பொனெய்ரும் காதில் விழுவதை எழுதுகின்றன. 1976-ல் அதற்கென்று முறையே வகுத்துவிட்டார்கள். வீட்டுக்கு இரு இடத்திலும் ‘காஸ்’தான். அங்கே அது ‘சி’ எழுத்தில் தொடங்கும், இங்கே ‘கே’ எழுத்தில். மரம் அங்கே ‘பாலோ’, இங்கே ‘பாலு’. மொழியின் பெயரே அங்கே பாப்பியமெந்தோ, இங்கே பாப்பியமெந்து. குராசோவை உள்ளூரில் ‘கோர்சோ’ என்பார்கள். அதை ‘கே’ போட்டு, முதல் ‘ஓ’ மேல் ஒரு சாய்கோடு இழுத்து எழுத வேண்டும். என் துண்டறிக்கையில் ‘கே’யும் இல்லை, கோடும் இல்லை. கடை திறக்கும் ஊரின் பெயரையே பக்கத்துத் தீவுக்காரன் கையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கல்லாவில் இருந்த அம்மா ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, “இது அரூபாக் கடையா?” என்று கேட்டார். உரிமையாளர் மூவாயிரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். மறு அச்சுச் செலவு என் சம்பளத்தில் போனது.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். கதை தெரிந்த பிறகுதான் அடங்கியது. ஒரே ஆட்சிக்குள் குராசோவோடு கட்டிப் போட்டிருந்தது அரூபாவுக்குப் பிடிக்கவில்லை. 1986-ல் நெதர்லாந்து அன்டிலீஸ் என்ற அந்தத் தீவுக் கூட்டிலிருந்து பிரிந்து தனிக் குடித்தனம் போனது. 2010 அக்டோபர் 10-ல் அந்த அன்டிலீசே கலைந்து, குராசோ நெதர்லாந்து அரசுக்கு உட்பட்ட தனி நாடானது. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினால் யார் சிரிப்பார்கள்?

இப்போது வருகிறவர்கள் போனில் தேடி, இரண்டு தீவின் எழுத்தையும் கலந்து அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அது இன்னும் மோசம். ஒரு எளிய சோதனை சொல்கிறேன். ‘எச்’ துணையில்லாமல் ‘சி’ எழுத்து தனியாக நின்றால், ஆட்பெயராக இல்லாத பட்சத்தில், அந்தச் சொல் பெரும்பாலும் அரூபாவிலிருந்து வந்தது. பையனின் நோட்டீஸில் அப்படி ஏழு இருந்தன.

எண்ணுக்குப் பிறகு பன்மை

வேண்டாம். இரண்டு வீடு, ‘தோஸ் காஸ்’. நாம் பேசுவதும் அப்படித்தானே. எண் இல்லாதபோது அதே ‘நன்’ நம் ‘கள்’ போல ஒட்டிக்கொள்ளும்: ‘காஸ்நன்’, வீடுகள்.

ராகத்தை விடுவது

‘மாத்தா’ என்றால் செடி. ‘மாத்தா’ என்றால் கொல். எழுத்து ஒன்றுதான், குரல் ஏறி இறங்குவதில்தான் வித்தியாசம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிப் பேசி வீட்டுக்காரம்மாவைத் திகைக்க வைத்திருக்கிறேன். புத்தகத்தில் இது வராது, சந்தையில் நின்று கேட்டால்தான் வரும்.

கெனெபாவில் கடலை மட்டும் பார்ப்பது

பழைய அடிமைப் பண்ணை ஒன்றின் பெயரில் உள்ள கடற்கரை. படம் எடுக்க எல்லோரும் அங்கே போகிறார்கள். நீலத் தண்ணீர், சரிதான். அந்தப் பண்ணையில்தான் 1795 ஆகஸ்ட் 17 அன்று துலா என்ற அடிமையின் தலைமையில் அடிமைகள் இனி வேலை செய்ய மாட்டோம் என்று கிளம்பினார்கள். அக்டோபர் 3-ல் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். சட்டப்படி விடுதலை வர 1863 ஆனது. பழைய பண்ணை வீடு இப்போது துலா அருங்காட்சியகம். ஈரத் துண்டோடு உள்ளே போகாதீர்கள்.

‘மக்காம்பா’

டச்சுக்காரரைக் குறிக்கும் சொல். உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பது

முதலில் ‘பொன் தியா’, காலை வணக்கம்.