கூர்நோக்கு இல்லத்தை வைத்து ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு

நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் கூர்நோக்கு இல்லத்தை (வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைக்கும் இடம்) வைத்து எழுதின ஸ்கிரிப்டோடு மதுரை செல்லூரில் என் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் முதல் காட்சி ஒன்றுதான்: பதினாறு வயதுப் பையன், கையில் விலங்கு, லாக்கப்பில் அடி.

அதை முதலில் சரிசெய்யுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கும் மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அடிக்கிற காட்சி வேண்டும் என்றால் எழுதுங்கள், ஆனால் தான் செய்வது சட்டமீறல் என்று அடிக்கிறவருக்குத் தெரியும். அவர் ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்க்கட்டும்.

குழுமத்தில் கூண்டு கிடையாது, உயர்ந்த மேடை கிடையாது. ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். (மேசையைச் சுத்தியலால் தட்டுவது நம்மூர் கோர்ட்டிலேயே இல்லை.)

இனி கதை. பையனின் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத நன்னடத்தை அலுவலர் போகிறாரே, அந்தக் காட்சிக்கு நேரம் கொடுங்கள். கீரைத்துறையில் ஒற்றை அறை வீடு என்று வையுங்கள். அம்மா மாட்டுத்தாவணியில் பூ வாங்கிக் கட்டி விற்கிறவர். "நல்ல பிள்ளைதான் சார், சேர்க்கைதான் சரியில்லை" என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நீங்கள் அம்மாவைக் கணக்குப் பேசவிடுங்கள். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்தது, விலை ஏறியது, வாங்க முதல் இல்லை. வாடகை பாக்கி. பையன் பள்ளிக்கூடத்தை விட்டு வாட்டர்வாஷ் கடைக்குப் போனான். அங்கே பழகினவன்தான் பைக்கை ஓட்டச் சொன்னான். பின்னால் உட்கார்ந்து செயினை அறுத்தவனுக்கு வயது 22.

இந்த மாதிரி வழக்கில் பையன் பத்து வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து பழிவாங்குவதாக எழுதாதீர்கள். குற்றம் உறுதியான சிறுவர்களை வைத்துத் திருத்தும் சிறப்பு இல்லத்துக்குக் குழுமம் அனுப்பினாலும் அதிகபட்சம் 3 ஆண்டுதான். கொலை வழக்கு, வயது 16 தாண்டிவிட்டது என்றால் கதை வேறு. குழுமம் பையனை மதிப்பீடு செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அப்போதும் தூக்கு கிடையாது.

உண்மை வழக்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் கவனம். பையனின் அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், சில சமயம் இரண்டும். பெயரை மாற்றிவிட்டு டீக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் அப்படியே விட்டால் ஏரியாக்காரர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். எல்லாவற்றையும் மாற்றுங்கள், முடிந்தால் வைகைக்கு அந்தக் கரைக்கே கதையைக் கொண்டுபோய்விடுங்கள்.