பொங்கல் மடல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களில் ஒரு வேலை முளைத்துவிடும். ஓராண்டில் தொகுதிக்குச் செய்தவற்றை நான்கு பக்கத்தில் தொகுத்து, பொங்கல் வாழ்த்தோடு வீடு வீடாகச் சேர்க்க வேண்டும். பல ஆண்டுகள் அந்த மடலை எழுதியவன் நான். சென்ற வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் தம்முடைய வரைவைக் கொண்டுவந்து காட்டினார். படிக்கப் படிக்க என் பழைய மடல்களையே திரும்பப் படிப்பது போல் இருந்தது.

எழுத்துப் பிழை, தலைவர் படம் விடுபடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. முதலாவதை மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். இரண்டாவதைக் கட்சிக்காரர்கள் அச்சகத்துக்கே போய்ப் பிடித்துவிடுவார்கள்.

அமைக்கப்பட்டது, அமைக்கப்படுகிறது, அமைக்கப்படும்

தம்பியின் வரைவில் இருபத்திரண்டு பணிகள். எல்லாமே ‘பட்டது’ என்று முடிந்திருந்தன. இவற்றில் எவை முடிந்தவை என்று கேட்டேன். “எல்லாவற்றுக்கும் அனுமதி வந்துவிட்டது, ஐயா” என்றார். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

தொகுதி மேம்பாட்டு நிதியில் உறுப்பினர் செய்வது பரிந்துரைதான். பிறகு பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். ஆட்சியரின் நிர்வாக அனுமதி வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை கொடுத்த பிறகுதான் ஜல்லி வந்து இறங்கும். நம் கோப்பில் அனுமதி உத்தரவு சேரும் நாளில் ஊரில் ஒரு செங்கல்லும் இருக்காது.

நான் செய்தது இதைவிட நுட்பமான முட்டாள்தனம். ஒரு குக்கிராமத்துக்கு 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. அது கட்டி முடிந்து, நீல வண்ணம் பூசி, நிதியின் பெயரும் உறுப்பினர் பெயரும் எழுதி, படமும் என் மேசைக்கு வந்துவிட்டது. ‘குடிநீர்ப் பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று தடித்த எழுத்தில் போட்டேன். மோட்டாருக்கு மின் இணைப்பு வந்துவிட்டதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. படத்திலும் அது தெரியவில்லை.

மாட்டுப் பொங்கலன்று உறுப்பினர் அந்த ஊருக்குப் போனார். பின்னால் நானும் நின்றிருந்தேன். ஒரு பாட்டி சுருக்குப் பையிலிருந்து எட்டாக மடித்த மடலை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, “அந்த வரியைச் சத்தமாகப் படிடா” என்றார். அவனும் படித்தான். “கடுதாசியில் தண்ணீர் வந்துவிட்டதாம் ஐயா. குழாயில் எப்போது வரும்?” என்று கேட்டார் பாட்டி. கூட்டம் சிரித்தது. உறுப்பினர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பங்குனியில் மின் இணைப்பு வந்தது, தண்ணீரும் ஏறியது. ஆனால் அதே மடலில் இருந்த, உண்மையாகவே முடிந்துபோன மற்றப் பணிகளையும் அதன்பின் யாரும் நம்பவில்லை. பக்கத்து ஊரில் அரிசி போட்டுக்கொண்டிருந்த நியாயவிலைக் கடைக் கட்டடத்தைச் சொன்னால்கூட, “அதுவும் அந்தத் தொட்டி மாதிரியா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அடுத்த பொங்கல் வரை ஓயவில்லை.

ஆகவே ஒவ்வொரு பணிக்கும் நேராக அது இருக்கும் கட்டத்தை எழுதுங்கள்: பரிந்துரைக்கப்பட்டது, அனுமதி கிடைத்தது, பணி நடக்கிறது, பயன்பாட்டுக்கு வந்தது. ஒப்பந்ததாரரிடம் விசாரிக்காதீர்கள், அவருக்குக் கட்டடம் முடிந்தால் வேலை முடிந்தது. தொட்டி ஆபரேட்டரைக் கூப்பிட்டு, நேற்றுக் காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் ‘பட்டது’ வேண்டாம்.

தேர்தல் ஆண்டில் இது இன்னும் சிக்கல். 2021இல் பிப்ரவரி 26 அன்று தேர்தல் அட்டவணை வந்தது, பொங்கல் முடிந்து ஆறே வாரத்தில். நடத்தை விதி வந்துவிட்டால், பணி ஆணை கொடுத்திருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. தையில் ‘நடைபெற்று வருகிறது’ என்று அச்சடித்த சிறுபாலம் சித்திரையிலும் அப்படியே கிடக்கும். எதிரணி மேடையில் பேச வேறு குறிப்பே தேவைப்படாது.

‘வாரி வழங்கினார்’

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 2021 தேர்தலில் தமிழகத்தின் வாக்காளர்கள் 6.2 கோடிக்கு மேல், தொகுதிகள் 234. வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்குத் தலைக்கு 110 ரூபாய் சொச்சம் வரும். அதுவும் அரசுப் பணம். ‘ஒதுக்கினார்’ என்று எழுதினால் போதும். ரேஷன் கடையில் கொடுக்கும் பொங்கல் பரிசுத் தொகுப்பையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வரிசையில் நின்று கரும்பு வாங்கியவர்களுக்கு அது யார் கொடுத்தது என்று தெரியும்.

‘சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார்’

எந்த நாள், கேள்வி நேரத்திலா, மானியக் கோரிக்கை விவாதத்திலா, என்ன கேட்டார்? அமைச்சர் சொன்ன பதிலையும் அப்படியே போடுங்கள். ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதில்களை ‘அமைச்சர் உறுதியளித்தார்’ என்று மாற்றி எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது. அப்படி எழுதிய ஒரு வரியை நம்பி, வெறும் பரிசீலனையில் இருந்த சாலையின் ஓரத்தில் ஒருவர் கடைக்கு இடம் வாங்கியதை அறிந்த பிறகு விட்டுவிட்டேன்.

வாழ்த்து

தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக்கி 2008இல் சட்டம் வந்தது, 2011இல் அது நீக்கப்பட்டது. உங்கள் உறுப்பினர் எந்தக் கட்சி என்று பார்த்துக்கொண்டு வாழ்த்துங்கள்.

படங்கள்

சால்வை போர்த்தும் படம் ஒன்று போதும்.

தொலைபேசி எண்

அச்சுக்குப் போகுமுன் நீங்களே அழைத்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.

விநியோகம்

போகிக்கு முந்தைய நாள் கொடுக்காதீர்கள். விடியற்காலையில் பழைய பாயோடு அதுவும் எரியும்.