சௌத்தாம்ப்டன்ல கப்பல் ஏறப் போறீங்களா? முந்தின நாளே போயிடுங்க

க்ரூஸ் போறவங்க நிறைய பேரு கப்பல் கிளம்புற அன்னிக்குத்தான் லண்டன்லேருந்து ட்ரெயின் ஏறுறாங்க, வாட்டர்லூலேருந்து சௌத்தாம்ப்டன் சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள வந்துடலாம்ங்கற தைரியம், ஆனா ட்ரெயின் கேன்சல் ஆச்சுன்னா கப்பல் நமக்காக நிக்காது. முந்தின நாளே வந்து ஒரு ராத்திரி தங்குங்க, ஊரையும் நிதானமா பாத்துடலாம்.

ரூம் போடுறதுக்கு முன்னாடி டிக்கெட்ல எந்த டெர்மினல்னு பாத்துக்கோங்க. மொத்தம் அஞ்சு இருக்கு. ஓஷன், குயின் எலிசபெத் 2 ரெண்டும் கிழக்கு டாக்ஸ் (கப்பல் நிக்குற துறை), கேட் 4 வழியா போகணும். சிட்டி, மேஃப்ளவர், ஹொரைசன் மூணும் மேற்குப் பக்கம். வாடகைக் கார்ல ஏறும்போது கப்பல் பேரோட டெர்மினல் பேரையும் சேத்து சொல்லுங்க.

ஊர் சுத்த பார்கேட்லேருந்து ஆரம்பிங்க, 12ஆம் நூற்றாண்டு கோட்டை வாசல் அது, அங்கேருந்து பழைய மதில் ஓரமாவே நடந்தா வெஸ்ட்கேட் வரும், 1415ல இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஹென்றியோட படை பிரான்ஸுக்குக் கப்பல் ஏறப் போன வழி. பக்கத்துலயே டியூடர் ஹவுஸ்ங்கற பழைய காலத்து வீடு, இப்ப மியூசியம்.

நேரம் கம்மின்னா மத்ததை விட்டாலும் சீசிட்டி மியூசியத்தை மட்டும் விட்டுடாதீங்க. டைட்டானிக்ல வேலை பாத்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த ஊர்ல குடியிருந்தவங்க, 500க்கும் மேல வீடுகள்ல ஆளை இழந்துருக்காங்க. அங்க தரையில ஊரோட மேப்பைப் பெருசா போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வெச்சிருக்காங்க, சில தெருவுல புள்ளி அடுத்தடுத்து இருக்கும், பணக்காரப் பயணிகள் கதையே கேட்டுப் பழகின நமக்கு அடுப்புல கரி அள்ளிப் போட்டவங்க குடும்பம் கண்ணு முன்னாடி வந்துடும். அப்படியே ஹோலிரூட் சர்ச்சுக்கும் நடந்துடுங்க, 1940ல குண்டு விழுந்து கூரை போச்சு, சுவரும் கோபுரமும் தான் நிக்குது, அந்தக் கப்பல் ஊழியர்களுக்கான நினைவுச்சின்னம் உள்ளதான் இருக்கு. ஓஷன் டெர்மினல்ல ஏறுறவங்களுக்கு ஒண்ணு, டைட்டானிக் 1912 ஏப்ரல் 10ல கிளம்புன அதே டாக்லேருந்துதான் நீங்களும் கிளம்புறீங்க.

சாயங்காலம் மேஃப்ளவர் பார்க் போங்க. பெரிய கப்பல் கிளம்புறத காசு செலவில்லாம கிட்டக்க பாக்க அத விட நல்ல இடம் இல்ல, காத்து பலமா அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

திரும்பி வர்ற அன்னிக்கு காலைலயே இறக்கி விட்டுடுவாங்க, ஃப்ளைட் மறுநாள்னா பெட்டிய ஹோட்டல்ல வெச்சுட்டு டவுன் கீங்கற படகுத் துறையிலேருந்து ரெட் ஜெட்ங்கற வேகப் படகு புடிங்க, அரை மணில ஐல் ஆஃப் வைட் தீவுல காவ்ஸ் வந்துடும். கப்பல் ஏறுற அன்னிக்கு மட்டும் இத வெச்சுக்காதீங்க.