என் கொப்பியில் பிடிபட்ட மூன்று தலையிடிகள்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருட்டின பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வீதி மாடுகளுக்குச் சொந்தம். விசுவமடு தாண்டி ஒரு கறுப்பு மாடு நடுவீதியில் எழும்பி நின்றது. ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் பிரேக் பிடித்தார், பின்னால் இருந்த நான் தாரில் விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், பட்டி பூட்டவில்லை. விழுவதற்கு முதலே அது கழன்று போய்விட்டது. கொஞ்ச நேரம் நினைவில்லை. ஒரு இரவு வார்ட்டில் வைத்துப் பார்த்து, ஸ்கான் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று துண்டு வெட்டி அனுப்பினார்கள்.

தலையிடி என்னோடு வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் இருந்தது.

அந்த "ஒன்றுமில்லை"யை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். சீ.டி. ஸ்கான் தேடுவது இரத்தக் கசிவு, எலும்பு வெடிப்பு, வீக்கம் போன்றவற்றை. அவை இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் நோ எந்தப் படத்திலும் விழாது. அடிபட்டு 7 நாளுக்குள் தொடங்கி 3 மாதத்துக்கு மேலும் விடாமல் இருந்தால் அதை நீடித்த தலையிடி என்று வைத்தியர்கள் கணக்கெடுக்கிறார்கள். கனபேருக்கு அதற்குள் அடங்கிவிடும். அடங்காதவர்களுக்குத்தான் இது.

ஆனால் பொறுத்திருக்கக் கூடாத தலையிடியும் உண்டு. பக்கத்து வளவு ஐயா கிணற்றடியில் வழுக்கித் தலையை அடித்துக்கொண்டார். சின்ன வீக்கம், அவ்வளவுதான். மூன்று கிழமை கழித்துத் தலையிடி கூடிக்கொண்டே போனது, பகலிலும் தூங்கினார், பேரனின் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். வயசுக் கோளாறு என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் மெல்ல மெல்ல இரத்தம் தேங்கியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வடித்தெடுத்தார்கள், தப்பினார். வயதானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், அஸ்பிரின், வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாளுக்கு நாள் கூடும் தலையிடி, திரும்பத் திரும்ப சத்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், மூக்கால் தண்ணீர்போல் வடிதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடும் நோ, இவற்றில் ஒன்று கண்டாலும் கொப்பியை மூடி வைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

சரி, கொப்பி. மகளின் பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த இடம், குத்தா, அமுக்கமா, விண்விண்ணென்றா, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன், முதல் நாள் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை குளிசை போட்டேன். நான்கு கிழமை விடாமல் எழுதினேன். அதுவரை ஒரே தலையிடி என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் மூன்று.

முதலாவது பிடரியில் தொடங்கி வலது கண்ணுக்கு மேலே ஏறும். தையல் வேலை கூடின நாட்களில், பின்னேரத்தில் வரும். தலையில் அடிபடும்போது கழுத்தும் சேர்ந்து சுண்டப்படுகிறது. கழுத்து மூட்டின் நோவைத் தலை தன் நோவாகக் காட்டும், இரண்டின் நரம்புகளும் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால். பிசியோதெரபி மிஸ் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டா: "அக்கா, மெஷினுக்கு முன்னால எத்தினை மணித்தியாலம் குனிஞ்சுகொண்டு இருக்கிறியள்?" கதிரையை உயர்த்தி, அரை மணிக்கு ஒருக்கால் எழும்பி நடந்து, அவ சொன்ன பயிற்சியை ஆறு கிழமை செய்ய, பாதி குறைந்தது. கழுத்தை யாரிடமும் கொடுத்து நெட்டி முறிக்காதீர்கள். அடிபட்ட கழுத்துக்கு அது விளையாட்டல்ல.

இரண்டாவது ஒற்றைத்தலையிடி வகை. விண்விண்ணென்று இடிக்கும், வயிறு குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. விபத்துக்கு முன் எனக்கு இது இருந்ததில்லை, அடிபட்ட பிறகு புதிதாக வரலாம். மத்தியான வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் வெளியே போன நாளும், சாப்பாடு பிந்திய நாளும், தூக்கம் கெட்ட நாளும்தான் கொப்பியில் இதற்கு முன்னால் நின்றன. அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து உண்டு. எனக்குத் தந்தது அமிற்றிப்டிலின், இரவில் சின்ன அளவு. மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று ஒருத்தி சொல்லக் கேட்டு நான்கு நாளில் நிறுத்திவிட்டேன், அது என் மடைத்தனம். குறைந்த அளவில் அது நோவுக்குத்தான். வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். வாய் காயும், காலையில் மந்தமாக இருக்கும். சிலருக்கு புரொப்ரனோலோல் கொடுப்பார்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிள்ளை தங்கியிருந்தாலோ தங்க இருந்தாலோ எந்தத் தடுப்பு மருந்துக்கு முதலும் சொல்லுங்கள்.

மூன்றாவதை நானே வளர்த்தேன். காலையில் கண் முழிக்கும்போதே தலை முழுக்கப் பாரம், பனடோல் இரண்டு போட்டால் குறையும், மத்தியானம் திரும்ப வரும். கொப்பியைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத்தில் 24 நாள் குளிசை போட்டிருக்கிறேன். பரசிற்றமோல் போன்ற சாதாரண நோ மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். கொடெயின் என்ற கடும் நோ மருந்து கலந்தது என்றால் 10 நாளே போதும். மருந்துக்கடையில் எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, கேட்கக் கேட்கக் கார்டாகத் தந்தார்கள். டொக்டரிடம் சொல்லித்தான் நிறுத்தினேன். முதல் ஒரு கிழமை நரகம், தலை முன்னையைவிடக் கூட இடித்தது. அதைக் கடந்தால் இறங்கும். கொடெயின் எடுப்பவர்கள் தாங்களாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இப்போது என் கணக்கு கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் குளிசை இல்லை. எந்த நாளிலும் 500 மில்லிகிராம் பனடோல் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது, அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

அம்மாவின் சுக்குப் பற்றை நான் குறை சொல்ல மாட்டேன். சுகமாக இருந்தது. கழுத்து அப்படியேதான் இருந்தது.

எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். என் வலது தோளில் 2009 யுத்தத்தில் ஏறிய செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தால், ஒருவரும் கேட்காவிட்டாலும், உடம்பில் இரும்பு இருக்கிறது என்று நீங்களாகச் சொல்லுங்கள். அது பெரிய காந்தம், துண்டு அசையலாம், சுடலாம். கண், மூளை, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் என்றால் மிகவும் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சீ.டி.க்கு இந்தப் பிரச்சினை இல்லை. அந்த நாட்களில் தலையில் பட்ட பழைய காயத்தையும் மறைக்காதீர்கள், இரண்டாவது அடி முதலாவதன் மேல்தான் விழுகிறது. இரவில் திடுக்கிட்டு எழும்புவது, சத்தத்துக்குப் பதறுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கம் சரியாகாமல் என் தலையிடி இறங்கவில்லை, மனநல கிளினிக்குக்குப் போகாமல் தூக்கம் சரியாகவில்லை.

கிளினிக் நாளில் கிடைப்பது ஐந்து நிமிடம். துண்டு வெட்டிய காட், கொப்பி, வெறும் குளிசைக் கார்டுகள், பார்வை மங்கலோ தலைச்சுற்றோ இருந்தால் அது எப்போது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். முன்பெல்லாம் நான் "தலையிடி டொக்டர்" என்று தொடங்குவேன், பனடோலோடு திரும்பி வருவேன். அந்த முறை கொப்பியைத் திறந்து வைத்துவிட்டு, "விழுந்து இரண்டு வருடம், மூன்று வகை நோ, மாதத்தில் 24 நாள் குளிசை" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியை வாங்கினார்.